மெழுகுவர்த்தியில் மிச்சமிருந்த எண்

டிசம்பர் மாதம் முழுவதையும் ஒரே சாயங்காலத்தில் எரித்துத் தீர்த்தவன் நான். இந்த ஒன்றை எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒப்புக்கொள்கிறேன். மற்றவற்றுக்குக் கொஞ்சம் விளக்கம் தேவைப்படும்.

நாட்காட்டி மெழுகுவர்த்தியைத்தான் சொல்கிறேன். மேலிருந்து கீழாக ஒன்று முதல் இருபத்து நான்கு வரை எண்கள் அச்சிட்ட வெள்ளை வர்த்தி. டிசம்பரில் தினமும் மாலை, தொலைக்காட்சியில் கிறிஸ்துமஸ் தொடரின் அன்றைய அத்தியாயம் தொடங்கும்போது அதை ஏற்ற வேண்டும். அத்தியாயம் முடியும்போது அன்றைய எண் உருகியிருக்கும். ஊதி அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். நாளுக்கு ஓர் எண், ஓர் அத்தியாயம். டென்மார்க்கில் வரி ஏய்ப்பவர்கள்கூட இந்த விதியை மீறுவதில்லை.

நான் மீறினேன். நண்பர் ஹோல்கர், நெஞ்சைப் பரிசோதித்துக்கொள்ள நுக்கபிங் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு நாள் தங்கவேண்டியிருந்தது. அவர் வீட்டுப் பூனைக்குத் தீனி வைக்கும் பொறுப்பு எனக்கு. வைத்தேன். பிறகு சோபாவில் உட்கார்ந்து, அவருடைய மெழுகுவர்த்தியை ஏற்றி, நாங்கள் சேர்ந்து பார்க்கும் பழைய தொடரின் அன்றைய அத்தியாயத்தை வட்டிலிருந்து போட்டேன். அது முடிந்தது. பார்க்க யாருமில்லை. அடுத்ததையும் போட்டேன். அதற்கடுத்ததையும். எங்கேயோ நடுவில் தூங்கிப்போனேன். கண் விழித்தபோது வர்த்தி ஒரு கட்டை விரல் உயரத்துக்குக் குறுகி, மெழுகுக் குளத்தில் நின்றுகொண்டிருந்தது. சிவப்பு விளக்கைத் தாண்டிப்போன மாணவனைத் தேர்வு அதிகாரி பார்ப்பதுபோலப் பூனை என்னைப் பார்த்தது. அவசரமாக ஊதினேன். மிச்சமிருந்தது ஒரே எண். இருபத்து நான்கு.

தேர்வு அதிகாரி உவமை எனக்கு இயல்பாக வருகிறது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நக்ஸ்கவ் ஊரில் வண்டி ஓட்டுகிற பாதிப் பேர் என்னிடம் கற்றவர்கள். மீதிப் பேர் ஓட்டுவதற்கு நான் பொறுப்பல்ல. ஹோல்கர் என்னை ‘வாத்தி’ என்பார். அவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், அதனால் நான் அவரைப் ‘பெரிசு’ என்பேன். மறுநாள் அவர் ஆஸ்பத்திரிப் பையோடு வீட்டுக்குள் வந்ததும் மேசையைத்தான் முதலில் பார்த்தார்.

“டேய் வாத்தி, என்னடா பண்ணி வெச்சிருக்க?”

“தூங்கிட்டேன், பெரிசு.”

“ஒரு நாள் நான் இல்லேன்னா மாசத்தையே முழுங்கிடுவியா? நான் இல்லாம எத்தன பாத்த?”

“ஒண்ணுதான்.”

“அப்படியா? மெழுகு வேற மாதிரி சொல்லுதே.”

கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சிரித்தார். மருத்துவர்கள் அவ்வளவு சிரிக்க அனுமதித்திருப்பார்களா என்று தெரியவில்லை. பிறகு அந்தக் கட்டை வர்த்தியைக் கையில் எடுத்து, இருபத்து நான்கை விரலால் தடவினார்.

“சரி. மிச்சம் இருக்கறது கடைசி. அப்ப கடைசியவே பாத்துடலாம்,” என்றார்.

நகைச்சுவை என்று நினைத்தேன். ஏனென்றால் கடைசி அத்தியாயம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது.

‘படகுத்துறைக் குள்ளன்’ என்ற தொடரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. நான் பத்து வயதுப் பையனாக இருந்தபோது ஒரு டிசம்பரில் வந்தது. யெப்பெ என்றொரு பையன். அவன் அப்பா படகோட்டி. ஊரைவிட்டுப் போனவர் திரும்பவில்லை. துறையில் நிற்கும் ஒரு படகின் இயந்திர அறையில், எங்கள் கிறிஸ்துமஸ் கதைகளில் வரும் சிவப்புத் தொப்பிக் குள்ளன் ஒருவன் குடியிருக்கிறான். யெப்பெ தினமும் அவனுக்கு அரிசிக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கிறான், மேலே வெண்ணெய்த் துண்டும் இலவங்கப்பட்டைப் பொடியும் போட்டு. குள்ளன் அவனுக்குத் துணை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் படகு வடக்கே கிளம்புகிறது, குள்ளனும் போயாக வேண்டும். போகிறானா, இல்லையா? அதுதான் கடைசி அத்தியாயம்.

அதுதான் இல்லாமல்போனது. அந்தக் காலத்துத் தொலைக்காட்சிக்காரர்கள் சிக்கனக்காரர்கள், பழைய நிகழ்ச்சியின் மேலேயே புதியதைப் பதிவுசெய்துவிடுவார்கள். எங்கள் கடைசி அத்தியாயத்தின் மேல் பன்றி வளர்ப்பு பற்றி ஏதோ பதிவானதாகக் கேள்வி. மற்ற அத்தியாயங்கள் தப்பித்து, பிற்பாடு வட்டுகளாக விற்பனைக்கு வந்தன. முடிவு மட்டும் இல்லை. எங்கள் ஊரிலும் சுற்றுப்பக்கத்திலும் இந்தத் தொடரை மறக்க முடியாத கொஞ்சம் பேர் இருந்தோம். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக் கூடத்தில் கூடுவோம். மிளகு பிஸ்கட், காப்பி, சூடான திராட்சை மது. கடைசிக்கு முந்தின அத்தியாயத்தைத் திரையிடுவோம். பிறகு விளக்கைப் போட்டுவிட்டு எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள்.

கடைசி அத்தியாயத்தை நினைவு வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். எழுந்து நின்று சொல்வேன். படகு சங்கூதுகிறது. பலகையை இழுக்கிறார்கள். யெப்பெ கஞ்சிப் பானையோடு நிற்கிறான். படகு கரையை விட்டு நகர்கிறது. குள்ளன் திரும்பிப் பார்க்கிறான். அப்புறம் ஒரே தாவல். கரையில் விழுந்து, உருண்டு, எழுந்து ஓடிவந்து, தன் சிவப்புத் தொப்பியைக் கழற்றி யெப்பெயின் தலையில் வைக்கிறான். அந்த இடத்தில் நான் ஒரு நொடி நிறுத்துவேன். மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கும். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஹோல்கர்தான் முதலில் எழுந்து கைதட்டுவார், கன்னமெல்லாம் ஈரமாக. ஒவ்வோர் ஆண்டும். என் திருமணம் முறிந்த ஆண்டிலும் சரி, அவர் மனைவி கெர்டா இறந்த ஆண்டிலும் சரி. சுற்றுவட்டாரத்தில் எனக்கு ‘கடைசி அத்தியாயம் எய்வின்’ என்று பெயர். மனிதனுக்கு இதைவிடப் பெரிய பட்டம் வேண்டுமா? எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இப்போது வருகிற கிறிஸ்துமஸ் தொடர்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். குள்ளர்கள் எல்லாரும் பற்பசை விளம்பரத்திலிருந்து தப்பித்து வந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள். பனியைக் கணினி பொழிகிறது. ஒரு துணுக்குகூட யார் மூக்கிலும் ஒட்டுவதில்லை. எங்கள் தொடரில் பனி என்றால் சோப்புத் தூள். படப்பிடிப்பு நாளில் தூறல் விழுந்தால் பனி நுரைத்தது. அந்த நுரையில் ஒரு நேர்மை இருந்தது. குள்ளன் பறக்கும்போது கயிறு தெரியும். தெரியட்டுமே. தெரிகிற கயிறு யாரையும் ஏமாற்றுவதில்லை. இன்னொன்று: பழைய தொடர்களில் ஒருவன் அறையைக் கடக்க வேண்டுமென்றால் முழு அறையையும் நடந்துதான் கடப்பான். நாமும் அவனோடு காத்திருப்போம். இப்போது கதவைத் தொட்டவன் அடுத்த கணம் கப்பலில் நிற்கிறான். காத்திருக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை நாங்கள்தான் என்று மேடையிலேயே சொல்லியிருக்கிறேன்.

பழைய துப்பறியும் தொடர்களில் மட்டும் எனக்கு ஒரு குறை உண்டு. கடைசியில் குற்றவாளி சாவகாசமாக உட்கார்ந்து, காப்பி குடித்தபடி எல்லாவற்றையும் தானே சொல்லிவிடுவான். நம்பவே முடியாது. யார் அப்படிப் பேசுவார்கள்? காவல் நிலையத்தில் எனக்குக் காப்பி தந்தார்கள். நன்றாகவே இருந்தது.

ஹோல்கருடைய வீட்டில் ஒரு சட்டம். நிகழ்ச்சி ஓடும்போது யாரும் பேசக் கூடாது. ஒருமுறை சமையலறைத் திரைச்சீலை தீப்பிடித்ததை கெர்டா அத்தியாயம் முடிந்த பிறகுதான் வந்து சொன்னாளாம், அதுவும் தீயை அவளே அணைத்துவிட்டு. இதை அவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். “அவ பொண்டாட்டிடா,” என்பார் பெருமையாக. இந்தச் சட்டத்தை நான் ஏற்படுத்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு ஹோல்கர் மாடிப் பரணுக்கு ஏறினார். நான் ஏறுகிறேன் என்றேன், கேட்கவில்லை. இறங்கும்போது கையில் பழைய பதிவு இயந்திரம், மேலே செங்கல் அளவுக்கு ஒரு நாடாப் பெட்டி. அந்தக் காலத்தில் அவர் தொலைக்காட்சிக் கடையில் விற்பனையாளர். ஊரில் வீட்டிலேயே பதிவு செய்யும் இயந்திரம் முதலில் வாங்கியவர் அவர்தான். மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது.

“இது என்ன?” என்று கேட்டேன். அதற்குள் தெரிந்துவிட்டது.

“கடைசி.”

“எப்ப கெடச்சுது?”

“கெடைக்கல. நானே பதிவு பண்ணது. அன்னைக்கே.”

“அப்பலேந்து வெச்சிருக்கியா?”

“வெச்சிருக்கேன்.”

“நான் வருஷா வருஷம் எழுந்து நின்னு சொல்றப்ப…”

“டேய், பாரு மொதல்ல. பாத்துட்டு என் மேல கோவப்படாத. ஏன் சொல்லலேன்னு எல்லாம் சொல்றேன். முடிஞ்சதும் சொல்றேன்.”

இயந்திரத்தை இணைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். “நாடா நொந்து போயிருக்கு. ஓடினா ஒரு தடவ ஓடும். நடுவுல நிறுத்தினா அறுந்துரும். எதுக்காகவும் நிறுத்தாத.”

எதுக்காகவும். அவர் வாயால் சொன்ன வார்த்தை. நான் எதையும் சேர்க்கவில்லை.

மெழுகுவர்த்தியை அவரே ஏற்றினார். வெளியே இன்னும் வெளிச்சமிருந்தது. சர்க்கரை ஆலையின் இனிப்பு நாற்றம் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. நான் கைப்பேசியின் ஒலியை நிறுத்திச் சட்டைப் பையில் போட்டேன். பூனையை வெளியே விட்டேன். முன்னிசை தொடங்கியது, கொஞ்சம் தள்ளாடி.

பாராட்டத் தகுந்த தரம். ஓரத்தில் கோடுகள் நெளிந்தன, அவ்வளவுதான். யெப்பெ காலணிகளை மாட்டுகிறான். அடுப்பிலிருந்து பானையை இறக்குகிறான். சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு துறைக்குப் போகிறான். எல்லாம் நான் சொல்வது போலவே. மீன் கொட்டகைகளைத் தாண்டுகிறான். அந்த இடத்தில் ஹோல்கர் ஒரு சத்தம் எழுப்பினார்.

அழுகிறார் என்று நினைத்தேன். அவர் அழுகிற ஆள். காலணி மாட்டும் காட்சிக்கே அழுதவர் உண்டென்றால் அது அவர்தான். ஆனால் அவர் கை மேசையைத் துழாவியது. வர்த்தி சாய்ந்து விழுந்து அணைந்தது. நான் அதை எடுத்து நிமிர்த்தி வைத்தேன். விரிப்பில் சொட்டிய மெழுகை நகத்தால் சுரண்டினேன், கெர்டா பின்னிய விரிப்பு அது. இந்த மாதிரி விஷயங்களில் நான் கவனமான ஆள்.

“எய்வின்,” என்றார்.

வாத்தி என்று சொல்லவில்லை. அதைக் கவனித்தேன். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன்.

அவர் நாற்காலியில் ஒருபக்கமாகச் சரிந்தார். ஒரு கை நெஞ்சில் இருந்தது. மூச்சு சத்தமாக வந்தது, அடைத்த குழாயில் தண்ணீர் ஏறுவதுபோல. திரையில் யெப்பெயும் குள்ளனும் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். மிக முக்கியமான பேச்சு. சரியாகக் கேட்கவில்லை. ஒலியைக் கொஞ்சம் கூட்டினேன்.

இதைப் பற்றி நிறையக் கேட்டார்கள். அப்போது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டார்கள். என்ன நினைப்பேன்? இத்தனை வருடம் என்னை முட்டாளாக்கிய மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதாரே, அது எதற்காக? கைதட்டியது யாருக்காக? என் முடிவு சரியாக இருந்தால் நாடாவை ஒளித்து வைக்கத் தேவையில்லை. ஒளித்து வைத்திருக்கிறார் என்றால்? அது தெரியாமல் எழுந்து போக என்னால் முடியவில்லை. உங்களால் முடிந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். நான் வாதாடவில்லை.

படகு சங்கூதியது. பலகையை இழுத்தார்கள். அந்த இடத்துக்குப் பிறகு எல்லாமே எனக்குப் புதிதாக இருந்தது. மறந்துபோன ஒன்றைத் திரும்பப் பார்க்கிற மாதிரி இல்லை. பார்க்கவே பார்க்காததை முதல்முறை பார்க்கிற மாதிரி. குள்ளன் மேல்தளத்தில் நிற்கிறான், முதுகு நம் பக்கம். படகு நகர்கிறது. அவன் திரும்புவதற்காகக் காத்திருந்தேன். காத்திருக்க எனக்குத் தெரியும். சிவப்புத் தொப்பி சின்னதாகி, சின்னதாகி, ஒரு புள்ளியாகி, சட்டகத்தை விட்டே போய்விட்டது. அவன் திரும்பவில்லை. யெப்பெ கொஞ்ச நேரம் நின்றான். பிறகு சறுக்கு வண்டியில் உட்கார்ந்து, பானையைத் திறந்து, அந்தக் கஞ்சியை அவனே சாப்பிட்டான். கடைசிவரை சாப்பிட்டான். வெட்டாமல் காட்டினார்கள். மிக நல்ல முடிவு என்று ஒரு ரசிகனாகச் சொல்கிறேன். என்னுடையதைவிட நல்ல முடிவு. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகுதான் நினைவு வந்தது. பத்து வயதில் நான் அதைப் பார்த்திருக்கவில்லை. படகு சங்கூதிய நேரத்தில் எங்கள் வீட்டு நடையில் அப்பாவின் பெட்டி தரையில் உராயும் சத்தம் கேட்டது. அம்மா வந்து தொலைக்காட்சியை அணைத்தாள். ஜன்னலில் போய் நின்று பார்த்தேன். அப்பா வண்டியில் ஏறினார். அவரும் திரும்பவில்லை.

பெயர்ப் பட்டியல் ஓடியது. ஹோல்கரின் பக்கம் திரும்பினேன். அவர் கண்கள் திறந்திருந்தன. திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரம்பத்திலிருந்தே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அந்த முடிவு அவருக்குத் தெரிந்ததுதானே.

மூச்சு இன்னும் இருந்தது. சின்னதாக.

“ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

முடிந்ததும் சொல்கிறேன் என்று சொன்னவர் அவர். இப்போது முடிந்துவிட்டது. அவர் உதடு அசைந்தது. ஒலியைக் குறைத்துவிட்டு மறுபடி கேட்டேன். பதிலுக்குக் காத்திருந்தேன். வாக்குக் கொடுத்தவரிடம் அதை எதிர்பார்ப்பதில் என்ன தப்பு? உதடு அசைவது நின்றது. அதற்குப் பிறகும் கொஞ்சம் காத்திருந்தேன், நியாயமாக இருக்க வேண்டும் என்பதற்காக.

பிறகு நாடாவை வெளியே எடுத்து விறகடுப்பில் போட்டேன். ஒரே நாற்றம். ஜன்னலைத் திறந்துவிட்டேன். அவருக்கு நெஞ்சு சரியில்லாத உடம்பு, புகை ஆகாது. அப்புறம் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தேன்.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. ஓட்டிவந்த பெண் என் மாணவிதான். வளைவுகளில் கொஞ்சம் வேகம் அதிகம், அப்போதே சொல்லியிருக்கிறேன். அத்தியாயம் முடியும்போது சரிந்து விழுந்தார், உடனே கூப்பிட்டேன் என்று அவர்களிடம் சொன்னேன். அழுதேன். அது நடிப்பில்லை. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. ஹோல்கரின் மகள் லோன ஓடென்ஸிலிருந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு, “கடைசி நேரத்துல நீங்க பக்கத்துல இருந்தீங்களே,” என்றாள். இருந்தேன். அது உண்மை.

சில நாள் கழித்து என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்தார்கள். விசாரணை அதிகாரி மாலெனா ஸ்கியூட்டெ. நாற்பது வயதிருக்கும், வேறு ஊரில் வண்டி கற்றவர். தன் அப்பாவின் அடுப்பில் உருகிய பிளாஸ்டிக் இருந்ததாக லோன சொல்லியிருக்கிறாள். மாலெனா அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஒளி ஊடுருவும் பை ஒன்றை மேசைமேல் வைத்தார். உள்ளே அந்தக் கட்டை வர்த்தி.

“இத யாரு ஏத்தினது?”

“ஹோல்கர்.”

“எப்ப?”

“முன்னிசை போடறப்ப. அதுதான வழக்கம்.”

“எப்படி அணைஞ்சுது?”

“அவரு விழுறப்ப கை பட்டுச்சு.”

“அதாவது அத்தியாயம் முடியறப்ப.”

“ஆமா.”

அவர் பையைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். “எங்க வீட்டுலயும் ரெண்டு பசங்க இருக்காங்க. தினமும் இதே வேலதான். அத்தியாயம் முடியறப்ப எண் இருக்காது. இங்க பாருங்க, இருபத்து நாலு அப்படியே இருக்கு. மேல விளிம்பு மட்டும்தான் மழுங்கியிருக்கு.”

மெழுகு வேற மாதிரி சொல்லுதே என்று ஹோல்கர் சொன்னது காதில் விழுந்தது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பாருங்கள், நான் எரித்துத் தொலைக்காமல் விட்டது ஒரே ஓர் எண்தான்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சாவகாசமாகத்தான். காப்பி இருந்தது. உதட்டில் விரல் வைத்ததைச் சொன்னேன். ஒலியைக் கூட்டியதைச் சொன்னேன். சொல்லும்போது ஒவ்வொன்றும் நியாயமாகவே இருந்தது. அடுத்தடுத்து வைத்தபோதுதான் மாலெனா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“எத்தன வருஷமா வண்டி சொல்லிக் குடுக்கறீங்க?”

“முப்பது முப்பத்தஞ்சு இருக்கும்.”

“உங்க பக்கமும் ஒரு பிரேக் இருக்கும்ல?”

“இருக்கும்.”

“எதுக்கு?”

“அவங்க போட மறந்தா நான் போடறதுக்கு.” கொஞ்சம் யோசித்துச் சேர்த்தேன். “ஆனா நாடாவ நிறுத்தினா அறுந்துரும்னு அவருதான் சொன்னாரு.”

“நாடாவ யாரு நிறுத்தச் சொன்னா? அது பாட்டுக்கு ஓடியிருக்கும். ஃபோன் பையிலதான இருந்துச்சு.”

இது எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை என்று சொன்னேன். எனக்குத் தோன்றியிருந்தது.

“துரோகம் பண்ணது அவருங்க,” என்றேன். “அத யாரும் பேச மாட்டேங்கறீங்க. தெரிஞ்சே என்னைக் கோமாளியாக்கி வெச்சிருந்தாரு. வருஷா வருஷம் உக்காந்து ரசிச்சாரு. ஏன்னு கேட்டேன், அதுக்கும் பதில் சொல்லல.”

மாலெனா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “லோன கிட்ட சொல்லியிருக்காரு. ஆஸ்பத்திரிலேந்து ஃபோன் பண்ணி. ரொம்ப வருஷம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். தான் போனதுக்கப்புறம் வீட்ட ஒழிக்கறப்ப அந்த நாடா உங்க கைல கெடைக்கும், தனியா உக்காந்து பாப்பீங்க, தாங்க மாட்டீங்க, அதனால அவரு பக்கத்துல இருக்கறப்பவே காட்டிடணும்னு. உங்க முடிவுதான் சரியான முடிவுன்னு சொல்வாராம் எப்பவும்.”

காப்பிக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

“அத எங்கிட்ட சொல்லியிருக்கலாமே,” என்றேன்.

“சொல்லத்தான் கூப்பிட்டாரோ என்னவோ. நீங்க உதட்டுல விரல் வெச்சுட்டீங்க.”

காப்பி ஆறிப்போயிருந்தது. எனக்குக் கேட்க ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதை ஏற்கெனவே எல்லாரிடமும் கேட்டிருந்தேன். ஆம்புலன்ஸ் பெண்ணிடம் கேட்டபோது, “அதெல்லாம் யோசிக்காதீங்க சார்,” என்றாள். மருத்துவர் பல காரணங்கள் உண்டு என்று ஆரம்பித்து, காரணங்களைச் சொல்லாமலே முடித்தார். போதகர் என் தோளைத் தட்டினார். லோனவிடம் தொலைபேசியில் கேட்டேன், அவள் அப்போது இன்னும் என்மேல் அன்பாக இருந்தாள். “எதுவும் மாறியிருக்காது எய்வின்,” என்று சொல்லிவிட்டு அழுதாள். எங்கள் மக்கள் மென்மையானவர்கள். யாரும் யாருக்கும் கெட்ட முடிவைச் சொல்லிவிட மாட்டார்கள். ஹோல்கர் முப்பது நாற்பது வருடம் எனக்குச் செய்ததும் அதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

மாலெனாவிடம் மருத்துவ அறிக்கை இருந்தது. கையை அதன்மேல் வைத்திருந்தார்.

“அந்த மீன் கொட்டக காட்சிலயே,” என்றேன், “அவரு என் பேரச் சொன்னப்பவே கூப்பிட்டிருந்தா?”

நல்ல மாதிரி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அதற்கு இடம் விட்டுக் காத்திருந்தேன். அவர் அறிக்கையைப் புரட்டவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

“பொழைச்சிருப்பாரு,” என்றார்.